குறைமாதக் குழந்தைகளின் நுரையீரல் நோயும் ஸ்டீராய்டு சிகிச்சையும்: ஆனையூரை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் நுரையீரலைக் காக்க ஸ்டீராய்டு மருந்து இரண்டு காலங்களில் கையாளப்படுகிறது. ஒன்று, பிறப்பிற்கு முன் தாய்க்கு ஊசி வழியே அளிப்பது. மற்றொன்று, பிறந்த பின் குழந்தைக்கு நேரே அளிப்பது. முன்னது உலக அளவில் ஏற்கப்பட்ட உயிர்காப்பு முறையாகும். பின்னது மூளை வளர்ச்சியைப் பாதிக்கக் கூடும் என்பதனால் கட்டுப்படுத்தப்பட்ட முறையாகும். மருந்து ஒன்றே ஆயினும் காலமும் அளவும் மாறுகையில் விளைவும் மாறுகிறது. இவ்வேறுபாட்டையும், அதற்கு அடிப்படையான ஆய்வுகளின் வரலாற்றையும், மதுரை ஆனையூர் போன்ற நகர்ப்புற விளிம்புப் பகுதிகளிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் இச்சிகிச்சை பயன்தர வேண்டுமெனில் கர்ப்பகாலக் கணக்கு எத்துணை இன்றியமையாதது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குறைமாதப் பிறப்பு, நுரையீரல் முதிர்ச்சி, டெக்சாமெத்தசோன், கர்ப்பகாலக் கணக்கு, ஆனையூர்.

முன்னுரை

ஆனையூர், மதுரை மாநகரின் வடமேற்கே கூடல் நகரை ஒட்டி அமைந்த பகுதி. தனி நகராட்சியாக இருந்த இவ்வூர் 2011ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. இங்கு வாழும் கருவுற்ற பெண் ஒருவருக்கு உரிய காலத்திற்கு முன்பே வலி கண்டால், வைகையின் வடகரையில் கோரிப்பாளையத்தில் உள்ள அரசு இராசாசி மருத்துவமனையைச் சில கிலோமீட்டர் தொலைவில் அடைந்துவிடலாம். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் மேற்கே உள்ள உசிலம்பட்டியின் சுற்றுவட்டச் சிற்றூரில் வாழும் பெண்ணுக்கு அதே மருத்துவமனை வெகு தொலைவினது. இவ்விருவர் வயிற்றிலும் உள்ள குழந்தைகளுக்குத் தேவைப்படும் முதல் மருந்து ஒன்றே. அது விலை மிகக் குறைந்த ஓர் ஊசி மருந்து. எனினும் அம்மருந்து எப்போது, யாருக்கு, எத்தனையாவது வாரத்தில் அளிக்கப்படுகிறது என்பதே நன்மையையும் தீமையையும் முடிவு செய்கிறது.

உலகில் 2020ஆம் ஆண்டில் 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனம் முதலியவை வெளியிட்ட மதிப்பீடு. அவர்களுள் ஏறத்தாழ 30 இலட்சம் குழந்தைகள் இந்தியாவில் பிறந்தவர்கள். எண்ணிக்கையில் இந்தியாவே முதலிடம் வகிக்கிறது. ஆகவே குறைமாதக் குழந்தையின் மூச்சு என்பது இந்நாட்டின் முதன்மையான மருத்துவச் சிக்கல்களுள் ஒன்றாகும்.

நுரையீரல் முதிர்ச்சியும் மூச்சுத்திணறலும்

கருவறையில் குழந்தையின் நுரையீரல் நீர்மத்தால் நிறைந்திருக்கும். பிறந்த நொடியில் அந்நீர்மம் வடிந்து, காற்று நுண்ணறைகள் விரிய வேண்டும். நீர்ப்படலம் பூசிய நுண்ணறைகள் மேற்பரப்பு இழுவிசையால் ஒவ்வொரு மூச்சின் இறுதியிலும் சுருங்கி ஒட்டிக்கொள்ள முற்படும். இவ்வாறு ஒட்டாமல் காப்பது சர்ஃபக்டன்ட் என்னும் கொழுப்பும் புரதமும் கலந்த பொருள். சோப்பு நீரின் இழுவிசையைக் குறைப்பது போன்று இது நுண்ணறைப் பரப்பின் இழுவிசையைக் குறைக்கிறது. ஏறத்தாழ 24ஆம் வாரம் தொட்டு நுரையீரல் உயிரணுக்கள் இதனை உருவாக்கத் தொடங்கினாலும், 34, 35ஆம் வாரங்களை ஒட்டியே அது போதிய அளவை எட்டுகிறது.

இப்பொருள் போதாத குழந்தை ஒவ்வொரு மூச்சையும் முதல் மூச்சைப் போன்றே போராடி இழுக்க நேர்கிறது. விலா இடுக்குகள் உள்வாங்குகின்றன. முனகல் ஒலி எழுகிறது. உடல் நீலம் பாரிக்கிறது. இதுவே சுவாசத் துயர்க் கூட்டறிகுறி எனப்படும். இதன் காரணம் சர்ஃபக்டன்ட் குறைபாடே என்பதனை 1959ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் நிறுவினர். காரணம் தெரிந்த பின்னும் சிகிச்சை கிட்டவில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரங்கள் முன்னதாக 2.1 கிலோகிராம் எடையுடன் பிறந்து, 39 மணி நேரத்தில் இந்நோயால் இறந்தான். இன்று அதே வாரத்தில் அதே எடையுடன் பிறக்கும் குழந்தை ஒரு மாவட்ட மருத்துவமனையிலேயே பெரும்பாலும் பிழைத்து வீடு திரும்புகிறது. இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட மாற்றத்தில் ஸ்டீராய்டு ஊசிக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆட்டுக்குட்டியிலிருந்து தாய்மாருக்கு

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் கிரகாம் லிகின்ஸ் என்னும் மகப்பேற்று ஆய்வாளர், பிரசவ வலியைத் தூண்டுவது எது என்ற வினாவிற்கு ஆடுகளைக் கொண்டு விடை தேடினார். கருக்குட்டியின் அட்ரீனல் சுரப்பியிலிருந்து எழும் கார்ட்டிசோல் பெருக்கே ஈற்றுக்கு வழிவகுக்கிறது எனக் கண்டார். அவ்வாய்வினிடையே, ஸ்டீராய்டு செலுத்தப்பட்டு மிக முன்னதாகப் பிறந்த ஒரு குட்டி, உயிர் வாழ இயலாத பருவத்ததாயினும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன் நுரையீரல் ஓரளவு விரிந்திருந்தது. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. 1969இல் வெளியான இக்கண்டுபிடிப்பின் தொடர்ச்சியாக, லிகின்ஸும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியும் 282 தாய்மாரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஆராய்ந்து 1972இல் முடிவை வெளியிட்டனர்.

எதிர்பாராது முன்கூட்டியே வலி கண்ட தாய்மாரின் குழந்தைகளுள், ஸ்டீராய்டு பெறாத பிரிவில் மூச்சுத்திணறல் 25.8 விழுக்காடாகவும், பெற்ற பிரிவில் 9.0 விழுக்காடாகவும் இருந்தது. பிறந்த முதல் நாட்களின் இறப்பு 15.0 விழுக்காட்டிலிருந்து 3.2 விழுக்காடாகக் குறைந்தது.

இத்துணைத் தெளிவான முடிவும் உடனே நடைமுறைக்கு வரவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளில் இதே வினாவைப் பல நாடுகளில் மீண்டும் மீண்டும் ஆராய்ந்தனர். தனித்தனியே சிறியனவாக இருந்த அவ்வாய்வுகளைத் தொகுத்து நோக்கிய பின்னரே ஐயம் நீங்கியது. 1994இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் கருத்தொருமைக் குழு இச்சிகிச்சையைப் பரிந்துரைத்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் சின்னத்தில் அமைந்த கோடுகள் இந்த ஸ்டீராய்டு ஆய்வுகளின் தொகுப்பு வரைபடமே ஆகும். சான்றுகளைத் தொகுக்கத் தவறியமையால் காக்கப்படாமற்போன உயிர்களை அச்சின்னம் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

மருந்து செயற்படும் முறை

எல்லா ஸ்டீராய்டும் இதற்கு உதவா. தாயின் இயல்பான கார்ட்டிசோலையும் பிரட்னிசோலோன் போன்ற மருந்துகளையும் நச்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி பெருமளவு செயலிழக்கச் செய்துவிடுகிறது. டெக்சாமெத்தசோனும் பீட்டாமெத்தசோனும் அந்நொதியின் தடையைக் கடந்து குழந்தையை அடைகின்றன. அங்கே சர்ஃபக்டன்ட் உற்பத்தியை விரைவுபடுத்துகின்றன. நுண்ணறைச் சுவர்களை மெலிதாக்குகின்றன. நுரையீரல் நீர்மம் வடிவதற்கு உதவுகின்றன. நுரையீரலோடு பயன் நின்றுவிடுவதில்லை. மூளைக்குள் குருதிக் கசிவும் குடல் அழற்சியும் இக்குழந்தைகளிடம் குறைகின்றன.

வழக்கமான முறை, டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம் வீதம் 12 மணி நேர இடைவெளியில் நான்கு தசை ஊசிகள். அல்லது பீட்டாமெத்தசோன் 12 மில்லிகிராம் வீதம் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசிகள். இரு முறையிலும் மொத்த அளவு 24 மில்லிகிராமே. முதல் ஊசி இட்ட 24 மணி நேரத்திற்குப் பின் ஏழு நாட்களுக்குள் பிறக்கும் குழந்தைக்குப் பயன் மிகுதி. நான்கு ஊசிகளும் நிறைவுபெற 36 மணி நேரம் ஆகும். முழுமையாக நிறைவுறாவிடினும் முதல் ஊசியினால் ஓரளவு பயன் உண்டு. இதனாலேயே முதல் ஊசியைத் தாமதிப்பது இழப்பாகிறது.

இந்திய அரசு 2014இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், 24 முதல் 34 வாரம் வரையிலான குறைமாதப் பிரசவ வலிக்கு டெக்சாமெத்தசோனைப் பரிந்துரைத்தன. பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன் முதல் ஊசியைத் துணைச் செவிலியரே இடலாம் என்றும் அவை அனுமதித்தன. உசிலம்பட்டிப் பகுதிப் பெண்ணுக்கு இவ்வனுமதியின் பொருள் பெரிது. 108 ஊர்தி ஏறும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி இடப்பட்டால், பயண நேரமும் அனுமதிச் சீட்டிற்குக் காத்திருக்கும் நேரமும் வீணாகாமல் நுரையீரல் முதிரும் நேரமாக மாறிவிடுகின்றன.

நன்மை தீமையான இடம்

நல்ல மருந்து எனில் இயன்றவரை பலருக்கும் கொடுத்துவிடலாமே என்னும் எண்ணம் இயல்பானது. அவ்வெண்ணத்தைச் சோதித்தது 2015இல் வெளியான ஒரு பெரும் ஆய்வு. அர்ஜென்டினா, குவாத்தமாலா, இந்தியா, கென்யா, பாகிஸ்தான், சாம்பியா ஆகிய ஆறு நாடுகளின் ஊர்ப்புறங்களில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பிறப்புகளை அது உள்ளடக்கியது. இந்தியாவில் பெல்காமும் நாக்பூரும் அதன் களங்கள். ஸ்டீராய்டு ஊசியைச் சிற்றூர் நிலை வரை பரவலாக்கினால் இறப்பு குறையும் என்பது எதிர்பார்ப்பு. மிகச் சிறிய குழந்தைகளின் இறப்பு குறையவில்லை. அனைத்துக் குழந்தைகளையும் சேர்த்து நோக்கியபோது, ஊசி பரவலாக்கப்பட்ட பகுதிகளில் ஆயிரம் பிறப்புக்கு 27.4 பச்சிளங்குழந்தை இறப்பும், ஏனைய பகுதிகளில் 23.9 இறப்பும் பதிவாயின. தாய்மாருக்கு ஏற்பட்ட தொற்றும் மிகுந்தது.

இம்முடிவு மருத்துவ உலகைத் திகைக்கச் செய்தது. ஊசி பெற்ற தாய்மாருள் பலர் உண்மையில் குறைமாதத்தினர் அல்லர். அவர்கள் நிறைமாதத்தை ஒட்டியே ஈன்றனர். அவர்தம் குழந்தைகள் பயன் ஏதுமின்றி மருந்தின் தீங்கிற்கு மட்டும் உள்ளாயினர். மேலும் பல இடங்களில் குறைமாதக் குழந்தையைப் பேணும் வசதியும் இல்லை.

இதன் பின்னர், உலக சுகாதார நிறுவனம் வங்கதேசம், இந்தியா, கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான் ஆகிய ஐந்து நாடுகளின் 29 மருத்துவமனைகளில் 2852 தாய்மாரைக் கொண்டு மற்றோர் ஆய்வை நடத்தி 2020இல் வெளியிட்டது. இதில் 26 வாரம் தொடங்கி 34 வாரம் நிறையாத கர்ப்பமே என்பது அலகீடு வழியே உறுதி செய்யப்பட்டது. பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு வசதியும் இருந்தது. டெக்சாமெத்தசோன் பெற்ற பிரிவில் பச்சிளங்குழந்தை இறப்பு 19.6 விழுக்காடு, பெறாத பிரிவில் 23.5 விழுக்காடு. தாய்மாருக்குத் தொற்று மிகவில்லை. பயன் ஐயமற வெளிப்பட்டமையால் ஆய்வு முன்னதாகவே நிறுத்தப்பட்டது.

இரண்டு ஆய்வுகளையும் ஒப்பிடுகையில் மருந்தின் தன்மை மாறவில்லை என்பது தெளிவு. மாறியவை இரண்டு: கர்ப்பகாலக் கணக்கின் துல்லியமும், பிறந்த பின் கிடைக்கும் பராமரிப்பும். 34 வாரம் கடந்தோருக்கு மருந்து அளித்த 2016ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வும் இதனையே வேறு வகையில் உணர்த்துகிறது. மூச்சுக் கோளாறு 14.4 விழுக்காட்டிலிருந்து 11.6 ஆகக் குறைந்தது. ஆனால் குழந்தையின் இரத்தச் சர்க்கரைத் தாழ்வு 15.0 விழுக்காட்டிலிருந்து 24.0 ஆக உயர்ந்தது. வாரம் கூடக் கூடப் பயன் சுருங்குகிறது, விலை ஏறுகிறது.

'எட்டாம் மாதம்' என்னும் கணக்கு

ஏழு மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டு மாதப் பிள்ளை பிழைக்காது என்னும் நம்பிக்கை தமிழகத்தில் பரவலாக உண்டு. வளைகாப்பை ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ நிகழ்த்தும் வழக்கமும் எட்டைத் தவிர்க்கிறது. பண்டைக் கிரேக்கரின் ஹிப்போகிரேட்டஸ் மரபு நூல்களிலும் எட்டு மாதக் கருவைப் பற்றிய இதே கருத்துக் காணப்படுகிறது. நுரையீரல் முதிர்ச்சி பற்றிய அறிவு இதனை ஏற்கவில்லை. ஒவ்வொரு வாரம் கூடும்போதும் பிழைக்கும் வாய்ப்பும் கூடுகிறது. இடையில் இறக்கம் இல்லை.

நம்பிக்கையை விடவும் நடைமுறையில் சிக்கல் தருவது மாதக் கணக்கின் நெகிழ்ச்சி. 'பத்து மாதம் சுமந்தாள்' என்னும் தமிழ் வழக்கு, 28 நாட்களை ஒரு மாதமாகக் கொண்டால் 280 நாட்களாகி, 40 வாரத்துடன் மிகச் சரியாகப் பொருந்துகிறது. இக்கணக்கில் எட்டாம் மாதம் என்பது 28 வாரம் முடிந்து 32 வாரம் வரை. நாட்காட்டி மாதத்தைக் கொண்டு எண்ணினால் எட்டாம் மாதம் என்பது 30 வாரம் கடந்து ஏறத்தாழ 35 வாரம் வரை நீள்கிறது. ஆகவே 'எட்டு மாதம் நடக்கிறது' என்று ஒரு தாய் கூறும்போது, அவர் 29ஆம் வாரத்திலும் இருக்கலாம், 35ஆம் வாரத்திலும் இருக்கலாம். முதலாமவருக்கு ஊசி உயிர்காப்பு. இரண்டாமவருக்கு அது வழக்கமாகத் தேவைப்படாத ஒன்று. மருந்தின் எல்லையான 34ஆம் வாரம் இவ்விரு கணக்குகளுக்கும் இடையே விழுகிறது.

தேசியக் குடும்ப நல ஐந்தாவது ஆய்வின்படி தமிழகப் பிரசவங்களுள் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. எனவே இங்கு எஞ்சியுள்ள வினா, மருத்துவமனையை அடைவதா என்பதன்று. எந்த வாரத்தோடு அடைகிறார் என்பதே. முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்கப்படும் அலகீடும், கடைசி மாதவிலக்கு நாளைக் குறித்த பதிவும் பேறுகால அட்டையில் தெளிவாக இருத்தல் வேண்டும். நள்ளிரவில் பணியில் இருக்கும் மருத்துவருக்கோ செவிலியருக்கோ ஊசி இடுவதா வேண்டாமா என்று சொல்வது அந்த ஒரு வரிப் பதிவே.

பிறந்த பின் ஸ்டீராய்டு: மறுபக்கம்

மூச்சுத்திணறலைக் கடந்து பிழைத்த சில குழந்தைகளின் நுரையீரல், பல வாரம் உயிர்வளியையும் செயற்கைச் சுவாசத்தையும் விட முடியாத நிலையில் தங்கிவிடுகிறது. 1967இல் வில்லியம் நார்த்வே இதனை பிராங்கோபல்மனரி டிஸ்பிளேசியா எனப் பெயரிட்டு விளக்கினார். கருவியின் அழுத்தமும் மிகை உயிர்வளியும் அழற்சியும் சேர்ந்து நுரையீரலின் வளர்ச்சியைத் தடுப்பதே இந்நாட்பட்ட நோய்.

அழற்சியை அடக்குவது ஸ்டீராய்டின் இயல்பு. ஆகையால் 1980களில் டெக்சாமெத்தசோன் இக்குழந்தைகளுக்கு நேரே அளிக்கப்பட்டது. கருவியிலிருந்து விடுவிக்க இயலாத குழந்தைகள் சில நாட்களிலேயே தாமாக மூச்சு விட்டனர். வியத்தகு இவ்விளைவு மருந்தின் பயன்பாட்டை 1990களில் பெருக்கியது. அக்குழந்தைகள் வளர்ந்தபோதே விலை தெரிந்தது. பெருமூளை வாதம் மிகுந்திருந்தது. பிறந்த உடனே டெக்சாமெத்தசோன் பெற்ற தைவான் குழந்தைகளைப் பள்ளிப் பருவத்தில் ஆராய்ந்தபோது, உயரம், தலைச் சுற்றளவு, அறிவுத்திறன் மதிப்பெண் ஆகியன குறைந்திருந்தன. 2002இல் அமெரிக்க, கனடியக் குழந்தை மருத்துவ அமைப்புகள் இம்மருந்தை வழக்கமாக அளிக்கலாகாது என அறிவித்தன.

அளவு இங்கே கருதத்தக்கது. முந்தைய முறையில் நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 0.5 மில்லிகிராம் என்று தொடங்கி, ஆறு வாரம் வரை தொடர்ந்ததும் உண்டு. 2006இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு, பத்து நாட்களில் மொத்தமாக ஒரு கிலோகிராமுக்கு 0.89 மில்லிகிராம் மட்டுமே அளித்தது. பழைய முறையின் முதலிரு நாள் அளவே இம்மொத்தத்தை விஞ்சுகிறது. அக்குறைந்த அளவிலும் பத்தாம் நாளுக்குள் 60 விழுக்காட்டினர் கருவியிலிருந்து விடுபட்டனர்; மருந்து பெறாதோருள் 12 விழுக்காட்டினரே விடுபட்டனர். ஆயினும் 814 குழந்தைகளைச் சேர்க்கத் திட்டமிட்ட அவ்வாய்வில் 70 பேரே சேர்க்கப்பட்டனர். முந்தைய தசாப்தத்தின் அச்சம் அத்துணை ஆழமானது.

யாருக்கு அளிக்கலாம் என்பதற்கு லெக்ஸ் டாயிலும் உடன் ஆய்ந்தோரும் 2005இல் ஓர் அளவுகோலை முன்வைத்தனர். நாட்பட்ட நுரையீரல் நோய் வரும் வாய்ப்பு 35 விழுக்காட்டிற்குக் குறைவாக உள்ள குழந்தைக்கு ஸ்டீராய்டு அளித்தால் இறப்போ பெருமூளை வாதமோ மிகுகிறது. அவ்வாய்ப்பு 65 விழுக்காட்டைக் கடந்த குழந்தைக்கு அதே மருந்து அத்தீங்குகளைக் குறைக்கிறது. நோயின் தீங்கு மருந்தின் தீங்கை விஞ்சும் இடத்திலேயே மருந்து தகுதி பெறுகிறது என்பது இதன் சாரம்.

மாற்று வழிகளும் ஆராயப்பட்டன. 28 வாரத்திற்கு முன் பிறந்தோருக்குக் குறைந்த அளவு ஹைட்ரோகார்ட்டிசோன் அளித்த பிரெஞ்சு ஆய்வில் (2016), இந்நோயின்றிப் பிழைத்தோர் 51 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாயினர். பிற்பட்ட நாட்களில் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தொடங்கிய நெதர்லாந்து (2019), அமெரிக்க (2022) ஆய்வுகள் அத்தகைய பயனைக் காட்டவில்லை. புடெசோனைடைச் சர்ஃபக்டன்ட்டோடு கலந்து நுரையீரலுக்குள் செலுத்தும் முறை தைவானில் நம்பிக்கை அளித்தது. 2024இல் வெளியான பெரும் பன்னாட்டு ஆய்வு அந்நம்பிக்கையை உறுதிப்படுத்தவில்லை.

ஆகவே இக்குழந்தைகளின் நுரையீரலைக் காப்பதில் முதலிடம் பெறுவன வேறு: பிறப்பிற்கு முன் தாய்க்கு இடும் ஊசி, பிறந்தவுடன் மூக்கு வழியே தொடர் காற்றழுத்தம், தேவைப்படின் சர்ஃபக்டன்ட், மூச்சைத் தூண்டும் காஃபீன், அளவறிந்த உயிர்வளி, தாய்ப்பால், தொற்றுத் தடுப்பு, தாயின் மார்போடு சேர்த்து அணைக்கும் கங்காரு முறை. நெடுநாள் உயிர்வளி பெற்ற குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனையும் தவறலாகாது. 2000 கிராமுக்குக் குறைவாகவோ 34 வாரத்திற்கு முன்போ பிறந்த குழந்தையின் கண்ணை 30 நாட்களுக்குள் சோதிக்க வேண்டும் என்பது இந்தியாவில் பின்பற்றப்படும் நெறி.

முடிவுரை

'ஸ்டீராய்டு' என்னும் சொல் மக்களிடையே அச்சத்தோடே ஒலிக்கிறது. பிறந்த குழந்தைக்கு அளிப்பதைப் பொறுத்தவரை அவ்வச்சத்திற்கு அடிப்படை உண்டு. அங்கே நிதானமும் பெற்றோருடனான கலந்துரையாடலும் வேண்டும். ஆனால் அதே அச்சம் 30ஆம் வாரத்தில் வலி கண்ட தாயின் ஊசியைத் தாமதப்படுத்துமாயின், அது குழந்தையின் மூச்சைப் பறிக்கும் தயக்கமாகிவிடும். மாறாக, வாரம் அறியாது எல்லோருக்கும் ஊசி இடும் ஆர்வமும் தீங்கிழைக்கும் என்பதை ஆறு நாட்டு ஆய்வு காட்டிவிட்டது.

இம்மருந்தின் வரலாறு கற்பிப்பது ஒன்றே: உரிய காலத்தில் உரியவருக்கு அளித்தலே சிகிச்சை. ஆனையூர்த் தாயும் உசிலம்பட்டித் தாயும் இதன் பயனை ஒருங்கே பெற, மருந்து ஏற்கெனவே கையிருப்பில் உள்ளது. அதனை இடும் அனுமதியும் உள்ளது. தமது கர்ப்பத்தை மாதத்தால் மட்டுமன்றி வாரத்தாலும் அறிந்த தாயும், அதனைப் பிழையின்றிப் பதிந்த சுகாதார நிலையமும் சேரும்போதே அச்சிறு ஊசி தன் முழுப் பயனைத் தருகிறது.